கைப்பிடியும் ஒரு பெட்டியும்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியால் பிறந்தது.

வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவனுக்கும் அதற்குப் படம் வரைகிறவருக்கும் நடுவில் நடக்கிற கூத்து வெளியே தெரியாது. ஓவியருக்குப் படம் போடக் கதை வேண்டும். எனக்கோ படத்தைப் பார்த்தால்தான் கதை ஓடும். நாயகியின் மூக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவளை அழவைக்க எனக்கு வராது. ஆகவே அவர் எனக்காகக் காத்திருப்பார், நான் அவருக்காகக் காத்திருப்பேன், அச்சகம் எங்கள் இருவருக்காகவும் காத்திருக்கும். அச்சகம் மட்டும் சும்மா காத்திருக்காது, ஆசிரியரை ஏவிவிடும்.

போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல, பொருளாதாரத்துல, மருத்துவத்துல, எதைத் தொட்டாலும் ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்திருக்குன்னு வருது பாருங்க, அதை வச்சு ஒரு கதை கொடுங்க. கட்டுரை வேணாம். உங்களுக்குக் கட்டுரை வராது."

சரி என்றேன். சரி என்று சொல்வதுதான் என் தொழிலில் பாதி.

அடுத்தது ஓவியர். "சார், கதை?"

"முடிஞ்சாச்சு. ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு அனுப்பணும், அவ்வளவுதான்."

(ஒரு வரிகூட எழுதவில்லை.)

"ரெண்டு வரியில சொல்லுங்க, வரைஞ்சிடறேன்."

"ஒரு அம்மா, ஒரு மகள், ஒரு மாடிப்படி." வாயில் வந்ததைச் சொன்னேன். "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். படம் முடிந்ததாம். ஸ்கேனர் மக்கர் பண்ணுகிறதாம். போனிலேயே சொன்னார்: மேல் படியில் அம்மா, கைப்பிடியைப் பிடித்தபடி. கீழ்ப் படியில் மகள், கையில் பெட்டி.

"பெட்டியா? பெட்டி எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"கை சும்மா தொங்குச்சு சார். நல்லா இல்ல. பெட்டி கொடுத்துட்டேன்."

"அம்மா ஏன் கைப்பிடியைப் பிடிச்சிருக்காங்க?"

"படி வரைஞ்சா கைப்பிடி வரும். கைப்பிடி வந்தா யாராவது பிடிக்கணும்ல?"

பெட்டி இருப்பதால் மகள் ஊருக்குப் போகவேண்டியவள் ஆனாள். கைப்பிடி இருப்பதால் அம்மாவுக்கு முட்டிவலி வந்தது. பாவம், அந்த அம்மாள். ஓவியர் படியை விட்டுவிட்டு ஒரு சோபாவை வரைந்திருந்தால் நன்றாக நடந்துகொண்டிருப்பார்.

2

ஆரம்பங்கள்:

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் நின்ற அவள் கண்களிலும்—

(வேண்டாம். என் தொடர்கதைகளில் பெய்த மழைக்கு இந்நேரம் ஊர்கள் மிதந்திருக்க வேண்டும்.)

சார்ந்திருத்தல் என்பதைப் பல துறைகள் பலவாறு விளக்குகின்றன. முதலாவதாக—

(ஆசிரியர் சொன்னது சரிதான். எனக்குக் கட்டுரை வராது.)

சுண்டு வேலை பார்த்த அலுவலகத்தில் அன்று காலை இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுத்து நின்றுகொண்டிருந்தன.

(இது போகும். ஏறிக்கொள்ளுங்கள்.)

3

சுண்டு வேலை பார்த்த அலுவலகத்தில் அன்று காலை இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுத்து நின்றுகொண்டிருந்தன. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தருகிற நிறுவனம் அது. ஒரு நிரல் மருத்துவர்களின் நேரத்தைக் கவனித்துக்கொள்ளும். இன்னொன்று அறுவை அறைகளைக் கவனித்துக்கொள்ளும். முதல் நிரல், "அறை தயாரா? தயாரானதும் நான் எழுந்திருக்கிறேன்" என்றது. இரண்டாவது, "மருத்துவர் தயாரா? அவர் வந்ததும் நான் எழுந்திருக்கிறேன்" என்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.*

* கணினிக்காரர்கள் இதை வட்டச் சார்பு என்கிறார்கள். வாசலில் இரண்டு பேர், "நீங்க முதல்ல", "இல்ல இல்ல, நீங்க" என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். மனிதர்களுக்குக் கால் வலிக்கும், யாராவது ஒருவர் நுழைந்துவிடுவார். நிரலுக்குக் கால் கிடையாது.

"எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்குக்கா" என்றாள் சுண்டு, குழுத் தலைவியிடம்.

"வீட்டுக் கதையை டீ குடிக்கும்போது பேசலாம். இப்போதைக்கு ஒரு ஒப்புக்குச் சப்பாணியைப் போடு."

அந்தக் குழுவில் அதுதான் பெயர். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழுகிற பொடிசை ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்திவைப்போம் அல்லவா? அதுபோல, உண்மையான நிரலின் இடத்தில் ஒரு டம்மியை நிறுத்துவார்கள். அதற்கு ஒரே ஒரு வேலைதான். எதைக் கேட்டாலும் "தயார்" என்று சொல்லும். அதை நம்பி மற்றது எழுந்துகொள்ளும். மற்றது எழுந்ததும் டம்மியை எடுத்துவிட்டு உண்மையானதை வைப்பார்கள்.

சுண்டு போட்டாள். வட்டம் நின்றது.

"மாத்த மறந்துடாதே" என்றார் தலைவி. "சப்பாணியோட இது வெளியே போச்சுன்னா, இல்லாத அறையில இல்லாத டாக்டர்கிட்ட ஒரு ஆளைப் படுக்க வச்சிடுவோம்."

4

இனி வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவர். மகள் பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அன்று வைத்த பட்டப்பெயர், இன்றைக்கு அவள் அம்மாவைவிட ஒரு சாண் உயரமாக இருக்கும்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிக்கல் இதுதான். வேறொரு நகரத்தில் சுண்டுவுக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. ஒரு குழுவுக்கே தலைமை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மாற்று முட்டி வைக்காமல் தள்ளிப்போட்டால் கால் வளைந்தே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"நீ ஆபரேஷன் பண்ணி, எழுந்து நட. அப்புறம் போறேன்."

"நீ போய் வேலையில உக்காரு. அப்புறம் படுக்கறேன்."

"நான் போயிட்டா உன்னை யாரும்மா பாத்துப்பாங்க?"

"எனக்காக நீ நின்னுட்டேன்னு ஆயுசுக்கும் கேக்கணுமா நான்? ஒரே பயிரை விளைவிச்சு ஒரே இடத்துல விக்கற நாடு என்ன ஆகும்னு இருபத்தஞ்சு வருஷம் கத்திக் கத்திப் பாடம் எடுத்திருக்கேன். வாங்கறவன் தும்மினா இவனுக்கு ஜுரம். நீ அப்படி ஆயிடாதேடீ. உன் ஒரே சந்தை நானா இருக்கக் கூடாது."

"நான் என்ன கரும்பா?"

"கரும்பா இருந்தா பேசாமலாவது இருக்கும்."

இப்படியே நாட்கள் போயின. வட்டம் சுற்றியது.

அன்று மாலை சுண்டு தெருமுனையில் திரும்பும்போது ஒரு துணிப்பை முதல் மாடிக்கும் தரைக்கும் நடுவில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றின் மேல்நுனி பால்கனியில் அம்மாவின் கையில். கீழே, தரைத்தளத்து மருந்துக்கடைக்காரர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார். படி இறங்க முடியாத நாளிலிருந்து அம்மா தெருவோடு வியாபாரம் செய்வது அந்தப் பையின் வழியாகத்தான்.

"காலிப் பைதான் மேல வரும் மேடம்!"

"ஒரே ஒரு அட்டைப்பா."

"போன வாரமும் ஒரே ஒரு அட்டைதான். வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி சாப்பிட்டா சிறுநீரகம் போயிடும். சீட்டு இல்லாம தரமாட்டேன்."

"உன்னைப் பாஸ் போட்டிருக்கணும். அந்தக் கோபம் இன்னும் போகலை உனக்கு."

"ரெண்டு தடவை பெயில் போட்டீங்க மேடம், ரெண்டு தடவை. ஆனா ஒண்ணு மட்டும் மண்டையில நின்னுது. ஒரே கடையில வாங்கறவங்க பேரம் பேச முடியாதுன்னு சொன்னீங்கல்ல? இந்தத் தெருவுல மருந்துக்கடை நான் ஒருத்தன்தான்."

அம்மா ஒரு கணம் யோசித்தார். "இதை அன்னிக்கு எழுதியிருந்தா பாஸ் ஆகியிருப்பே" என்று கயிற்றை இழுத்துக்கொண்டார்.

சுண்டு சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஓர் அட்டை. அம்மா காத்திருந்தது மாத்திரையை ஊன்றிக்கொண்டு. அந்த ஊன்றுகோல் உள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது.

5

அன்றிரவு சாப்பிடும்போது சுண்டு தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மா, வேலைக்குச் சரின்னு பதில் போட்டுட்டேன்."

போடவில்லை. ஒப்புக்குச் சப்பாணி. அம்மா எழுந்துகொள்ளட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு வெகு இயல்பாகச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. நானும் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி வாங்கிட்டேன்."

6

[இங்கே நிறுத்துகிறேன்.

நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். அம்மா சொன்னதும் பொய்தான். இருவரும் ஒரே மேசையில் ஒருவருக்கொருவர் ஒரே பொய்யைப் பரிமாறிக்கொண்டார்கள். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. இது வாரப் பத்திரிகைத் தந்திரம். வாழ்க்கையில் எங்காவது இப்படி—

அம்மாவின் பொய்யை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் அவர் வெறும் பிடிவாதக்காரி ஆகிவிடுகிறார். மகளின் பொய்யை எடுத்தால் அவள் வெறும் தியாகி ஆகிவிடுகிறாள். தியாகிகளை வைத்துக்கொண்டு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. சந்தேகம் தீராமல் ஓவியரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்றாங்கய்யா. படிக்கறவங்க நம்புவாங்களா?"

"ஏன் நம்பமாட்டாங்க? நாம சொல்லிக்கறதில்லையா?"

"நாம என்ன சொன்னோம்?"

"கதை முடிஞ்சாச்சுன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பலை. நம்பின மாதிரி, படம் முடிஞ்சாச்சுன்னு சொன்னேன்."

"அப்போ அந்தப் படம்?"

"எந்தப் படம்?"

"மாடிப்படி! பெட்டி! கை சும்மா தொங்குச்சுன்னு..."

"ஸ்கேனர் மக்கர்னு சொன்னப்போவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும் சார். எங்கிட்ட ஏது ஸ்கேனர்?"

நான் நாற்காலியில் சாய்ந்தேன். இல்லாத படத்தைப் பார்த்து இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறேன். இல்லாத கதைக்காக அவர் ஒரு படத்தை யோசித்திருக்கிறார். இரண்டு சப்பாணிகள் சேர்ந்து ஒரு வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள்.

"இப்போ நிஜமாவே பாதி எழுதிட்டேன்" என்றேன்.

"அப்போ நானும் நிஜமாவே பென்சிலை எடுக்கறேன்" என்றார்.

சந்தேகம் தீர்ந்தது. பொய்கள் அப்படியே இருக்கட்டும்.]

7

பொய் சொல்வது எளிது. எடுத்துவிட்டு உண்மையை வைப்பதுதான் பாடு. வியாழக்கிழமை மாலையாகியும் சுண்டு பதில் அனுப்பவில்லை. அம்மா குணமாவதைக் கண்ணால் பார்க்காமல் விரல் நகரவில்லை. சப்பாணியோடு இது வெளியே போய்விடுமோ என்று போனைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அம்மாகிட்ட நீயாவது சொல்லக் கூடாதா? இன்னிக்கும் பை இறங்கிடுச்சு."

"ஆபரேஷனுக்குத் தேதி வச்சாச்சே அண்ணே. இன்னும் கொஞ்ச நாள்தானே."

அவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். "தேதியா? தேதி கொடுத்திருந்தா இந்த மாத்திரையை முன்னாடியே நிறுத்தச் சொல்லியிருப்பாங்களே. இதைச் சாப்பிட்டா ரத்தம் உறையாது. யாரோ தேதி கொடுத்தாங்கன்னா அது டாக்டர் இல்ல."

சுண்டுவுக்குப் புரிந்தது. கட்டடத்துக்குள் நுழைந்தாள். மேலே ஏறவில்லை. கீழ்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்தவள் மேலே வரவில்லை என்று பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். மேலே கதவு திறந்தது. கைப்பிடி அதிர்ந்தது. ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு. முதல் மாடித் திருப்பத்தில் வந்து நின்றார்.

"ஏண்டீ அங்க உக்காந்துட்டே? உடம்பு சரியில்லையா?"

"தேதியே வாங்கலை, இல்ல?"

அம்மா கைப்பிடியை மாற்றிப் பிடித்தார். "உன் பெட்டி பரண்ல அப்படியே இருக்கு. ஊருக்குப் போறவ தூசியாவது தட்டமாட்டாளா? முந்தாநாளே தெரியும் எனக்கு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா என் பொய்யும் வெளிய வரும்ல?"

சுண்டுவுக்கு அழுகை வர வேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது. மேலேயிருந்து அம்மாவும் சிரித்தார், ஒரு காலில் நின்றபடி.

"சரி, யாரு முதல்ல?" என்றாள் மகள். கேட்டதுமே இருவருக்கும் பழைய வட்டம் தெரிந்தது. நீ போ, நீ படு.

சுண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அலுவலகத்தில் என்ன செய்வோம்? சப்பாணி ஒரு நாளைக்குத்தான் தாங்கும். வட்டத்தை உண்மையாகவே அவிழ்க்க, இரண்டு நிரல்களுக்கும் பொதுவாக வேண்டியிருப்பது எது என்று தேடி, அதை வெளியே எடுத்துத் தனியாக வைப்போம். பிறகு இரண்டும் அதைப் பார்த்துக்கொள்ளும், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்காது.

"அம்மா, ஆபரேஷன் ஆனப்புறம் உன்கூட ஆள் எவ்வளவு நாள் இருக்கணும்னு டாக்டர் சொன்னார்?"

"கேக்கலையே. மாசக்கணக்கா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நீ எப்போ போய்ச் சேரணும்?"

"அடுத்த மாசம்னு போட்டிருந்தாங்க. தள்ளிப்போட முடியுமான்னு நான்... கேக்கலை."

ஒருவருக்காக ஒருவர் இவ்வளவு நாள் காத்திருந்தார்கள். எவ்வளவு நாள் என்ற அந்த ஒரு கேள்வியை இரண்டு பேரும் வெளியே யாரிடமும் கேட்கவில்லை. அம்மா பொருளாதாரத்தில் கெட்டிக்காரி, மகள் கணினியில். தங்கள் வீட்டு விஷயம் என்றதும் இருவரும் வெறும் அம்மாவும் மகளும் ஆகிவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

"போனைத் தூக்கிப் போடு" என்றார் அம்மா.

"பிடிக்கத் தெரியாது உனக்கு." மேலே ஏறிப் போய்க் கொடுத்தாள்.

திருப்பத்தில் இருவரும் ஒரே படியில் உட்கார்ந்தார்கள். அம்மா மருத்துவமனையோடு பேசினார். நல்ல உரத்த குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. தேதி கிடைத்தது. மூன்றாவது வாரத்திலேயே ஊன்றுகோலோடு வீட்டுக்குள் தனியாக நடமாடலாம், ஆறு வாரம் வரை பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது என்றார்கள்.

"யாராவதுன்னா? மகள்தான் இருக்கணும்னு உண்டா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அம்மா மகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "யார் இருந்தாலும் போதுமாம். உனக்கு ஒண்ணும் தனி மவுசு இல்லை."

சுண்டு போனை வாங்கிப் பதில் தட்டினாள். வேலையை ஏற்கிறேன், சேரும் தேதியை ஆறு வாரம் தள்ளிவைக்க முடியுமா?

"முடியாதுன்னா?" என்றார் அம்மா.

"முடியாதுன்னா அதையும் சேர்ந்து யோசிப்போம்."

அனுப்பினாள்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், பை இன்னும் கடை வாசல்ல தொங்குது! வர்றவங்க தலையில இடிக்குது!"

"மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்கப்பா!" என்று அம்மா கத்தினார். "பையில வேற எதாவது போடு!"

"என்ன போடறது?"

"நல்ல கனமான கைத்தடியா ஒண்ணு எடுத்து வை! வேற கடையில வாங்கமாட்டேன்!"

அன்று இரவே சுண்டு பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெட்டி.

8

முடிவுகள்:

(அ) அந்த நிறுவனம், "தாராளமாக, ஆறு வாரம் கழித்தே வாருங்கள்" என்று எழுதியது. (சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் அப்படியும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். என் ஆசிரியரேகூட ஒருமுறை.)

(ஆ) அவர்கள் மூன்று வாரம்தான் தந்தார்கள். சுண்டு கிளம்பினாள். மிச்ச மூன்று வாரம் ஒரு செவிலியர் பகலில் வந்துபோனார். அவருக்கு அம்மா பொருளாதாரம் நடத்தினார். மருந்துக்கடைக்காரர் சாயங்காலத்தில் ஏறி வந்து, "இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்டு மதிப்பெண் போட்டார். முதல் வாரம் பெயில். பழிக்குப் பழி.

(இ) அவர்கள் முடியாது என்றார்கள். சுண்டு—

(இந்த வரியை முடிக்காமல் விடுகிறேன். முடித்தால் அம்மா என்னோடு பேசமாட்டார். ஆனால் இந்த மூன்றிலும் முட்டி மாறிவிட்டது, அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டும் ஆகிவிட்டது. அந்த வீட்டில் வட்டம் இனி சுற்றாது.)

எதை வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஓவியர் கூப்பிட்டார். பின்னணியில் பென்சில் கீறுகிற சத்தம். இந்தத் தடவை பொய் இல்லை.

"சார், அம்மா படி ஏறுறாங்களா, இறங்குறாங்களா?"

"ரெண்டும் தெரியாத மாதிரி வரைய முடியுமா?"

"ஏன் முடியாது? மகள் கையில பெட்டி இருக்கே. கனமா, காலியா? கை நரம்பு அதுக்கேத்த மாதிரி வரணும்."

"கனம்."

"யார் துணி உள்ள? ஆஸ்பத்திரிக்குப் போற அம்மாவோடதா, ஊருக்குப் போற பொண்ணோடதா?"

"மூடின பெட்டிதானே வரையப்போறீங்க?"

"அதுவும் சரிதான்." கொஞ்ச நேரம் பென்சில் மட்டும் பேசியது. "முட்டி சரியாயிடுச்சுன்னா இந்தக் கைப்பிடியை அழிச்சிடவா? இடம் கிடைக்கும், ஒரு ஜன்னல் போடலாம்."

"அழிக்காதீங்க. பிடிக்காட்டியும் பரவாயில்லை, கைப்பிடி இருக்கட்டும்."

"அப்போ அம்மாவோட கையை எங்கே வைக்கறது? கைப்பிடி மேலயா, பொண்ணு தோள்லயா, சும்மா வீசிட்டு வர்றாங்களா?"

நான் யோசித்தேன். நேர்மையாகச் சொன்னால், எனக்குத் தெரியவில்லை.

"கையை மட்டும் வரையாம விட்டுடுங்க" என்றேன். "படிக்கறவங்க வரைஞ்சுக்கட்டும்."

"பேனா வேணுமே அவங்களுக்கு."

"வச்சிருப்பாங்க."

இதோ, ஆசிரியர் மறு லைனில் வந்துவிட்டார். கதை முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லப்போகிறேன். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.